கடலின் மீது எங்கள் தாக்கம்

கடல் அறிவியல் நிறுவனம் நடத்துவதற்குக் கடல் தேவையில்லை என்பதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் ஆரல் நகரத்துக்காரர்களாகிய நாங்கள்தான். மற்ற நாட்டுக்காரர்கள் கடலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறார்கள். அதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? எங்கள் நிறுவனத்தின் வாசலில் ஒரு நங்கூரம் உண்டு. மதில் முழுக்க நீல அலை வரைந்திருக்கிறது. இயக்குநர் அறைக்கு 'துறைமுகம் நோக்கிய அறை' என்று பெயர். அதன் ஜன்னலைத் திறந்தால் மணலும், மணலில் துருப்பிடித்து நிற்கும் இரண்டு கிரேன்களும், அவற்றின் நிழலில் அசைபோடும் ஒட்டகங்களும் தெரியும். கடல் எங்கள் ஊரை விட்டுப் போனது என் அப்பா காலத்தில். நிறுவனத்தின் தீர்மானப் புத்தகத்தில் அது போனதாக இன்றுவரை ஒரு குறிப்பும் கிடையாது.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தில் 'ஆராய்ச்சித் தாக்க மதிப்பீட்டுப் பிரிவு' தொடங்கப்பட்டபோது அதன் தலைவராக நியமிக்கப்பட்டவன் நான். பிரிவில் நான் ஒருவன்தான் என்பதால் போட்டி இல்லை. என் பெயர் சான்சிஸ்பாய். எங்கள் கஸாக் மொழியில் இதற்கு 'எண்ணில் அடங்காதவன்' என்று பொருள். எண்ணுகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் இதே நிறுவனத்தில் உயிர்காப்பு மிதவைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். என் பதவிக்காலத்தில் அலுவலக வளாகத்தில் ஒருவர்கூட நீரில் மூழ்கவில்லை. அதைப் பாராட்டித்தான் இந்தப் பதவி உயர்வு.

அந்த வருஷம் பிப்ரவரியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஒவ்வொரு விஞ்ஞானியின் ஆராய்ச்சித் தாக்கமும் அளக்கப்பட வேண்டும். எச் எண் ஐந்துக்குக் குறைந்தோர் தாக்கமற்றோர் எனக் கருதப்பட்டு, அன்னார் நடத்திவரும் நிலையங்கள் மூடப்பட வேண்டும்.' எச் எண் என்றால் பயப்பட வேண்டாம். நீங்கள் ஐந்து கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருந்தால் உங்கள் எச் எண் ஐந்து. எடுத்துக்காட்டியவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எழுதியவரும் படித்திருக்க வேண்டியதில்லை.

இந்த அளவுகோலில் எங்கள் நிறுவனத்தின் சிகரம் டாக்டர் மர்குலான். எச் எண் பதினான்கு. அல்மாத்தி மலையடிவாரத்தில், ஒன்பதாவது மாடியில் குடியிருந்தபடியே எங்கள் கடலை ஆராய்ந்துவந்தார். வருஷத்துக்கு முப்பத்தொரு கட்டுரை. அவருக்குப் பதினைந்து நண்பர்கள். அவர்களை இவர் எடுத்துக்காட்டுவார், இவரை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். கல்யாண வீட்டு மொய் போல அது ஒழுங்காக நடந்துவந்தது. அவர் கடலை நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் தன் ஆராய்ச்சியின் 'நடுநிலைமை' கெட்டுவிடும் என்று சொல்வார்.

இன்னொரு பக்கம் ஜுபார்குல் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. அணை கட்டிய பிறகு வடக்கே ஒரு துண்டுக் கடல் பிழைத்துக்கொண்டதல்லவா, அதன் ஓரத்தில் எங்கள் கரையோர நிலையத்தை முப்பது வருஷமாக நடத்திவந்தவர். நிலையம் என்றால் ஓர் அறை, ஒரு அடுப்பு, ஒரு மோட்டார் படகு, அலமாரி நிறைய நோட்டுப் புத்தகங்கள். பனி உருகியதும் ஆற்று முகத்தில் பிடிபடும் முதல் கொக்செர்கே மீன்களின் வயிற்றைக் கீறுவார். சினையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்ப்பார். ஒட்டுகிறதா, உதிர்கிறதா? தண்ணீரின் சூட்டையும் உப்பையும் குறித்துக்கொள்வார். பிறகு ஒரு தேதி சொல்வார். அந்தத் தேதிக்கு நாங்கள் முத்திரை குத்துவோம். அன்றைக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், வலைகள் கரைக்கு வரும், மீன்கள் நிம்மதியாக முட்டையிட்டுவிட்டுப் போகும். பன்னிரண்டு வருஷம் இப்படி நடந்ததில் மீன் பெருகி, பூட்டிக் கிடந்த பதனிடும் ஆலை மூன்று ஷிப்ட் ஓடியது. இவ்வளவையும் நான் இங்கே எழுதக் காரணம், மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எழுத இடம் இல்லாததுதான்.

முறைப்படி அக்காவை அழைத்து நேர்காணல் நடத்தினேன். பாலூற்றிய டீயைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என் ஆட்டுக்குட்டிகள் சுகமா, என் மனைவிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்து முடித்ததும் நான் தொண்டையைச் செருமினேன்.

"உங்க வேலைய எத்தன பேர் எடுத்துக்காட்டியிருக்காங்க அக்கா?"

"எல்லா மீனவனுந்தான். 'ஜுபார்குல் சொல்லியாச்சு, வலைய எடு'ங்கிறான்."

"அது எந்த இதழ்ல வந்துது?"

"படகுல வந்துது."

"படகுக்குப் பன்னாட்டுப் பதிவு எண் இருக்கா?"

"பின்பக்கம் பெயிண்ட்ல என்னவோ எழுதியிருக்கு. வேணும்னா எழுதிக்க தம்பி."

எழுதிக்கொண்டேன். கணினி அதை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியலை நேரடியாகக் கணினியிலேயே தேடினேன். அங்கேதான் என் பிரிவின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. எங்கள் கரையோர நிலையத்தின் விலாசத்தில் ஒருவர் அல்ல, நான்கு விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா முதல் கட்டுரை எழுதியபோது ரஷ்ய முறைதான் நடப்பு. அதில் அவர் உஸ்கெனோவா. சோவியத் ஆட்சி போய் நாடு நம்முடையது ஆனதும், ஓஸ்கென் என்ற அப்பா பெயரோடு 'மகள்' என்பதைச் சேர்த்து ஓஸ்கென்கிஸி ஆனார். பிற்பாடு லத்தீன் எழுத்துக்கு மாறுவது என்று முடிவானது. முதலில் வந்த லத்தீனில் எழுத்துக்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்தது போல ஒரு குறி. ஊரே கொசுவைப் பார்த்துச் சிரித்ததால், கொசுவை விரட்டிவிட்டு எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டார்கள். கோடு பிடிக்காமல் இரண்டு புள்ளி வைத்தார்கள். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து மாறிய போதெல்லாம் அக்கா ஏதாவது ஒரு கட்டுரை எழுதித் தொலைத்திருந்தார்.

ஆகவே கணினியின் கணக்குப்படி, உஸ்கெனோவா என்ற ரஷ்யப் பெண்மணிக்கு எச் எண் இரண்டு. கொசுக் காலத்துக் கட்டுரையில் 'ஓ'வுக்குப் பக்கத்தில் கொசு இருந்தது. அயர்லாந்தில் அப்படித்தான் பெயர் வைப்பார்களாம். ஆகவே அவர் ஓ'ஸ்கென் என்ற அயர்லாந்துக்காரர், எச் எண் ஒன்று. தொண்ணூறுகளில் ஒரு ஜெர்மானியக் குழு வந்து தங்கியிருந்தபோது அவர்களுடன் சேர்ந்து அக்கா எழுதிய கட்டுரைகளில், அவர்கள் தங்கள் வழக்கப்படி பெயரின் வாலை வெட்டி, தலையில் புள்ளி வைத்து 'எஸ்கென்' ஆக்கியிருந்தார்கள். அந்த டாக்டர் எஸ்கெனுக்கு எச் எண் ஆறு. கடைசியாக, அடையாள அட்டையில் உள்ளபடி ஜுபார்குல் ஓஸ்கென்கிஸி. பூஜ்யம்.

இந்த விளக்கமெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது நான்கு பேர் என்பது மட்டும்தான். கணினி சொன்ன பிறகு சந்தேகப்பட நான் யார்? பட்டியலை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, இயக்குநர் தெமிர்தாஸ் ஐயாவின் தலைமையில் கூடிய கமிட்டியில் அறிக்கையை வாசித்தேன். கமிட்டி என்பது அவரும் நானும், தொலைபேசியில் மர்குலானும்.

"இந்த எஸ்கென் யாருப்பா?" என்றார் இயக்குநர்.

"பேருக்கு மேல ரெண்டு புள்ளி இருக்குங்க."

"அப்ப ஜெர்மனிக்காரர்."

"எல்லாக் கட்டுரையும் நம்ம கடலப் பத்தித்தாங்க. நம்ம நிலையத்து விலாசத்தையே வேற போட்டிருக்காரு."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? எங்கேயோ பொறந்த மனுஷனுக்கு நம்ம மேல என்ன பிரியம். இங்கயே பொறந்து வளந்த ஜுபார்குலுக்குப் பூஜ்யம்."

இரண்டு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஒன்று, தாக்கமற்ற ஜுபார்குல் ஓஸ்கென்கிஸி நடத்தும் நிலையத்தை ஏப்ரல் முதல் தேதியோடு மூடுவது. இரண்டு, தாக்கமிக்க டாக்டர் எஸ்கென் அவர்களைக் கௌரவ ஆலோசகராக அழைப்பது. விருந்தில் தலைமை விருந்தாளிக்கே உரிய ஆட்டுத் தலையை அவர்முன் வைப்பது என்றும், தங்க ஜரிகை வைத்த சப்பான் அங்கி போர்த்துவது என்றும் துணைத் தீர்மானங்கள். ஜெர்மனிக்காரர்கள் உயரமானவர்கள் என்பதால் அங்கியை ஆறடி ஆளுக்குத் தைக்கச் சொன்னோம். அழைப்புக் கடிதத்தை அவர் கட்டுரையில் கண்டிருந்த விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். நிலையத்தை மூடும் உத்தரவும் அதே விலாசத்துக்குத்தான் போனது. ஒரே தபால்காரர், ஒரே வாசல்.

மார்ச் மாதக் கடைசியில் கமிட்டி மறுபடி கூடியபோது அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காலணியில் சேறு. கையில் பிரித்த உறை.

"கூப்பிட்டிருந்தீங்க. வந்திருக்கேன்," என்றார்.

இயக்குநர் உறையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அடுத்தவங்க கடிதத்தப் பிரிக்கிறது குத்தம்மா. அதுவும் வெளிநாட்டுக்காரருக்குப் போட்டது."

"எனக்குப் போட்டத நான் பிரிச்சா என்ன குத்தம்? எஸ்கென் நான்தான். எங்கப்பா பேரு அந்த ஜெர்மனிக்காரங்க வாய்ல வரல. அவங்க வாய்ல வந்தத எழுதிக்கிட்டாங்க."

இயக்குநர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அங்கி ஆறடிக்குத் தைச்சாச்சே," என்றார் வருத்தமாக.

மதிப்பீட்டுப் பிரிவின் தலைவர் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. "ஆதாரம் வேணும் அக்கா."

"அந்தக் கட்டுரைய எடு. மூணாம் பக்கத்துப் படத்துல மீனக் கையில புடிச்சிருக்கிறது யாருன்னு பாரு."

எடுத்துப் பார்த்தோம். மீன் தெளிவாக இருந்தது. கையும் தெளிவாக இருந்தது. முகம் படத்துக்கு வெளியே போயிருந்தது.

"இது உங்க கைதான்னு எப்படி நம்புறது?"

அக்கா கையை மேஜைமேல் வைத்தார். கட்டைவிரலில் பழைய தழும்பு. படத்திலும் அதே இடத்தில் அதே தழும்பு. கமிட்டி தர்மசங்கடத்தில் நெளிந்தது. கடைசியில் இயக்குநருக்கு ஒரு வழி தோன்றியது.

"ஒண்ணு பண்ணலாம். நீங்களும் டாக்டர் எஸ்கெனும் ஒரே நேரத்துல கமிட்டி முன்னால ஆஜராகுங்க. பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு ஒப்பிட்டுருவோம்."

"ரெண்டு பேரும் வந்தாச்சு."

"அவரு எங்க?"

அக்கா தன்னையே சுட்டிக்காட்டினார். நான்தான் பேச்சை முக்கியமான இடத்துக்குக் கொண்டுவந்தேன். நான்கு விஞ்ஞானிகள் என்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது. இப்போது நால்வரையும் ஒருவராக்கினால் நிறுவனம் ஒரே நாளில் மூன்று விஞ்ஞானிகளை இழக்கும். அந்த மூவரும் வெளிநாட்டுக்காரர்கள். 'பன்னாட்டுத் தன்மை' என்ற கட்டத்தில் பூஜ்யம் விழும். இயக்குநர் என்னைப் பெருமையோடு பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அன்று மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சரி. என் பேர வெச்சு என்ன வேணா பண்ணிக்கங்க. நாலு பேருன்னு சொல்லுங்க, நாப்பது பேருன்னு சொல்லுங்க. எனக்குத் தேதி வேணும். இந்த வருஷம் பனி ரெண்டு வாரம் முன்னாடியே விட்டுருச்சு. நேத்து சினைய உருட்டிப் பாத்தேன், உதிர ஆரம்பிச்சிருச்சு. ஏப்ரல் எட்டுக்குத் தடை போட்டாகணும். முத்திரையக் குத்திக் குடுங்க. நிலையத்தப் பூட்டி சாவியக் கையில குடுத்துட்டுப் போயிடுறேன்."

"தேதிக்குப் பரிந்துரை பண்றவருக்கு எச் எண் அஞ்சாவது இருக்கணும்மா. புது விதி," என்றார் இயக்குநர். "டாக்டர் எஸ்கென் கையெழுத்துப் போட்டா இப்பவே முத்திரை."

"பேனாவக் குடுங்க."

"நீங்க போட்டா அது போர்ஜரி."

அக்கா சிரித்தேவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. "மீனுக்கு விதி தெரியாது தெமிர்தாஸ். எட்டாம் தேதி அது வந்துரும். அன்னைக்கு வலை அங்க இருந்துச்சுன்னா, இந்த வருஷத்துக் குஞ்சு ஒண்ணு மிஞ்சாது. நீங்க மூடப்போறது என் நிலையத்த மட்டும் இல்ல."

அப்போது தொலைபேசியிலிருந்து மர்குலானின் குரல் வந்தது. தன் கணினி மாடல் ஏற்கெனவே தேதியைக் கணித்துவிட்டது என்றார். மே ஐந்து.

"எந்தத் தண்ணியோட சூட்டப் போட்டீங்க தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"பால்டிக் கடல். அதுக்குத்தான் விடுபடாம முழுக் கணக்கு இருக்கு."

"நம்ம கடலுக்கு முப்பது வருஷக் கணக்கு என் நோட்டுல இருக்கே."

"நோட்டு கையெழுத்துல இருக்கு அக்கா. அத என் மாடல் ஏத்துக்காது. கவலப்படாதீங்க, கடல்மட்டத்துல பாத்தா எல்லாக் கடலும் ஒண்ணுதான்."

இந்த வாக்கியத்தின் ஆழத்தில் கமிட்டி சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது. உயிர்காப்பு மிதவை இருந்திருக்கலாம். பிறகு உத்தரவு தயாரானது: தடைக்காலம் மே ஐந்தில் தொடங்கும். முத்திரை குத்தியது என் கை. கோணாமல், மை பரவாமல், அழகாக விழுந்தது. அக்கா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் போனார். எங்கள் ஊரில் டீயைத் தொடாமல் எழுந்து போவது உறவை முறித்துக்கொள்வதற்குச் சமம். தீர்மானப் புத்தகத்தில் 'நன்றி நவிலலுடன் கூட்டம் முடிவுற்றது' என்று எழுதினேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை, கரையோரக் கிராமத்துப் படகுக் குழுத் தலைவன் நர்போட்டா என் அறைக்கு வந்தான். நாற்பது வயது, பேசிக்கொண்டே தொப்பியைக் கசக்குகிற பழக்கம் உள்ளவன்.

"அண்ணே, அக்கா வீடு வீடா வந்து எட்டாம் தேதிக்கு வலைய எடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. உங்க காகிதம் மே அஞ்சுங்குது. எதக் கேக்கிறது?"

"முத்திரை எதுல இருக்கோ அத."

"நான் நேத்தே எடுத்துட்டேண்ணே. ஆனா வெளியூர்க் குழு மூணு உங்க காகிதத்தோட வந்து, நான் எடுத்த எடத்துலயே வலையப் போட்டுட்டான். கேட்டா முத்திரையக் காட்டுறான். நான் விட்ட மீன அவன் அள்ளுறான். நான் என்ன செய்ய?"

"சட்டப்படி அவங்க செய்யிறது சரி."

"அது தெரியுதுண்ணே. நான் என்ன செய்யன்னு கேட்டேன்."

பன்னிரண்டு வருஷம் அக்காவின் பேச்சுக்கு மதிப்பு இருந்தது, அந்தப் பேச்சோடு எங்கள் முத்திரையும் போனதால்தான். இப்போது முத்திரை வேறு பக்கம் இருந்தது. நர்போட்டா தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். "நானும் போடுறேன். என் வீட்லயும் நாலு வாய் இருக்கு," என்றான். அதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வசந்தத்தின் மீன்பாடு எங்கள் நிறுவன வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கது. லாரி லாரியாக மீன் வந்தது. ஆலை மூன்று ஷிப்டுக்கு மேல் நாலாவது ஷிப்ட் ஓட்ட இடம் தேடியது. இயக்குநர் இரண்டு கையிலும் வயிறு புடைத்த கொக்செர்கேயைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். 'தாக்கத்தின் அடிப்படையிலான மேலாண்மைக்குக் கிடைத்த முதல் வெற்றி' என்று நான் குறிப்பு எழுதினேன். ஆலையில் மீன் அறுக்கும் பெண்கள் மட்டும் ஒரு மாதிரியாக இருந்தார்கள். கத்தி வைத்த வயிற்றிலெல்லாம் சினை வழிந்தது. "வாளி வாளியாக் கொட்டுறோம். அத்தனையும் குஞ்சாகியிருக்கும்," என்று ஒருத்தி சொன்னதை நான் கேட்டேன். அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

மே ஐந்தாம் தேதி தடைக்காலம் மிகக் கண்டிப்பாக அமலானது. ஒரு படகுகூட விதியை மீறவில்லை. அதற்குள் முட்டையிட வேண்டியவை எல்லாம் ஐஸ் பெட்டியில் இருந்தன. அடுத்த வசந்தத்திலும் அந்த மாடல் மே ஐந்து என்றே சொன்னது. அதன் கொள்கை உறுதியைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டோம்.

மூன்றாம் வருஷம் வலைகள் வெறுமையாக வந்தன. முதலில் வலையின் கண் பெரிது என்றார்கள். பிறகு மோட்டார் சத்தம் என்றார்கள். ஆலை மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது, ஒரு வெள்ளிக்கிழமை கதவில் பூட்டுத் தொங்கியது. கடல் இருந்தது. தண்ணீர் நிறையவே இருந்தது. அதில் மீன்தான் இல்லை.

அறிவியல் உலகம் சும்மா இருக்குமா? மர்குலான் உடனே ஒரு கட்டுரையில் இறங்கினார். 'வடக்கு ஆரல் கடலில் மீன்வளத்தின் திடீர் வீழ்ச்சி: எதிர்பாராத ஒரு நிகழ்வு.' அதற்கு முந்தைய வருஷங்களின் கணக்கு தேவைப்பட்டது. அந்தக் கணக்கு உலகத்திலேயே ஒரே ஓர் அலமாரியில்தான் இருந்தது. அக்காவிடம் ஆள் அனுப்பினார். அக்கா முப்பது நோட்டுகளையும் துணியில் கட்டிக் கொடுத்து அனுப்பினார். "செத்ததையாவது சரியா எழுதச் சொல்லு," என்றாராம்.

கட்டுரை வெளிவந்தது. முதல் வருஷமே நூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்துக்காட்டினார்கள். எங்கள் நிறுவனத்தில் பிறந்த எந்தக் கட்டுரைக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. கடைசிப் பக்கத்தில் 'தகவல் தந்து உதவிய உள்ளூர்ப் பெண்மணி ஒருவருக்கு நன்றி' என்று மறக்காமல் போட்டிருந்தார். கட்டுரைக்குள்ளே டாக்டர் எஸ்கெனின் பழைய ஆய்வுகளை மரியாதையோடு ஆறு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார். 'முட்டையிடும் காலத்தைத் தவறவிட்டால் இந்தக் கடல் தாங்காது என்று ஜெர்மானிய அறிஞர் எஸ்கென் அன்றே எச்சரித்திருக்கிறார்' என்று ஒரு வரி. எஸ்கெனின் எச் எண் ஏழானது. அங்கியை இன்னும் பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறோம்.

இந்தப் புகழ் மேலிடத்தின் காதுக்கு எட்டி, எங்களைத் தேசிய அளவிலான 'தாக்கப் பரிசு'க்குப் பரிசீலிப்பதாகக் கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: 'ஆராய்ச்சியின் தாக்கத்துக்கு உள்ளான குடும்பங்கள் எத்தனை?' தோராயம் கூடாது, நேரில் கணக்கெடுத்து எழுத வேண்டும்.

ஆகவே நான் அலுவலக ஜீப்பில் கடற்கரைக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷச் சர்வீஸில் முதல் தடவை. கரையில் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. பல வீடுகளில் ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. நர்போட்டாவின் வீட்டிலும் அப்படித்தான். அல்மாத்திக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அக்கா முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்த வெப்பமானி. நிலையத்தின் வெப்பமானிக்கு நாங்கள் சீல் வைத்திருந்தோம்.

"எதுக்கு இன்னும் அளக்குறீங்க அக்கா? மீன்தான் இல்லயே," என்றேன்.

"பதினோரு மீன் புடிபட்டுச்சு, ஆத்து முகத்துல. பதினொண்ணுக்கும் தேதி வேணும்ல." கரையேறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நீ எதுக்கு வந்த?"

படிவத்தைக் காட்டினேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இதை நான் அலுவலக நடையில் எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வியை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்து வந்தார். வீட்டு வாரியாகப் பெயர்கள். யார் இருக்கிறார்கள், யார் போனார்கள், எங்கே போனார்கள்.

"இருநூத்திப் பன்னெண்டு. எழுதிக்க."

"இதுல உங்க வீடு இருக்கா?"

"என்னது இல்ல. வேணும்னா சேத்துக்க. பதிமூணு."

இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன். நாடெங்கிலும் வேறு எந்த நிறுவனமும் நாற்பதைத் தாண்டவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அன்று அவர் டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்தேன். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அந்த உரிமை எனக்கு இல்லை.

ஊர் திரும்பிப் படிவத்தைக் கமிட்டி முன் வைத்தேன். எண்ணைப் பார்த்ததும் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். எண்ணுக்குக் கீழே ஒரு காலிக் கோடு இருந்தது. 'மேற்கண்ட தாக்கத்துக்குப் பொறுப்பானவர்.'

"என் பேரப் போடுப்பா," என்றார் இயக்குநர். "எல்லாம் என் தலைமையிலதான் நடந்துச்சு. நிலையத்த மூட உத்தரவு போட்டது யாரு? நான்."

"மன்னிக்கணும்," என்றது தொலைபேசி. "தேதி என்னோடது. மே அஞ்சுன்னு நான் சொல்லலன்னா இந்தத் தாக்கம் ஏது? என் பேர்தான் முதல்ல வரணும்."

"தம்பி, தேதி யார் வேணா சொல்லலாம். அத உத்தரவாக்கினது நான்."

"உத்தரவு யார் வேணா போடலாம் ஐயா. ரெண்டு வருஷம் மாறாம நின்னது என் மாடல்."

அரை மணி நேரம் இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தேதி வாரியாக, ஆதாரத்தோடு நிரூபித்தார்கள். நான் அனைத்தையும் குறித்துக்கொண்டேன். பிறகு, அந்த உத்தரவில் முத்திரை குத்தியது என் கைதான் என்று எழுந்து நின்று சொன்னேன். அவர்களால் மறுக்க முடியவில்லை. கடைசியில் மூன்று பெயர்களும் அந்தக் கோட்டின்மேல் ஏறின. மூவரும் கையெழுத்திட்டோம். பரிசு எங்களுக்கே கிடைத்தது.

இருபத்திரண்டு வருஷமாக அரசாங்கக் காகிதங்களை எழுதிவருகிறேன். அவற்றில் ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் மேலிடத்துக்குப் போனது அந்த ஒரு வரிதான்.